என் கையெழுத்தில் ஒரு கவர்

அந்த முகவரியை எழுதிய என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கும், இன்றைக்கு நினைத்தாலும். நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தோடு ஸ்டாம்பு ஒட்டி, முகவரி எழுதிய கவர் ஒன்றும் வைக்க வேண்டும். ஹால் டிக்கெட் அதில்தான் வரும். எங்கள் பாரிவாக்கத்தில் தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் மளிகைக்கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீடு வந்து சேர ஒரு வாரமாகும். அதனால் ரொம்பப் புத்திசாலி மாதிரி, சேக்காட்டில் இருந்த வரலட்சுமி வீட்டு முகவரியை எழுதினேன். ப்ளஸ் டூ இரண்டு வருடமும் ஒரே பெஞ்சு. அவளை நம்பாமல் யாரை நம்புவது?

பள்ளியில் நான் முதல், அவள் இரண்டாவது. இங்கிருந்து இன்ஜினியரிங் போனால் ஒருத்திதான் போவாள் என்று கணக்கு டீச்சர் அடிக்கடி சொல்வார். எங்களை உசுப்பேற்றச் சொன்ன பேச்சு. நான் அன்றன்றைக்கே மறந்துவிடுவேன்.

மே மாதம் ஹால் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், தனக்கே வரவில்லை, தேதி தள்ளிப்போய்விட்டதாம் என்றாள். பேப்பர் வாங்குகிற வீடில்லை எங்களுடையது. நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை, சேர்ந்து படிக்கலாமென்று கெமிஸ்ட்ரி கைடோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ராஜம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வேம்பு, நீ பரீட்சைக்குப் போவல? அவ காத்தாலயே பூட்டாளே."

எனக்கு ஹால் டிக்கெட்டே வரவில்லையே என்றேன். இருவருக்கும் ஒரே நாளில் கவர் வந்ததாம். என்னுடையதைக் கொடுத்துவிட்டதாக மகள் சொன்னாளாம். அந்த அம்மாவுக்கே சந்தேகம் வந்து, உள்ளே போய்ப் புத்தகங்களை உதறினார். ரெக்கார்டு நோட்டிலிருந்து கவர் விழுந்தது. என் கையெழுத்து. நான் ஒட்டிய ஸ்டாம்பு. மணி பதினொன்று. தேர்வு பத்துக்கே தொடங்கியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரலட்சுமி வந்தாள். என் மடியில் கவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏன்டி என்று மட்டும் கேட்டேன்.

"ஒருத்திதான்னு டீச்சர் சொல்லிகினே இருந்தாங்களே. நீ எழுதினா எனக்கு ஏதுடி சீட்டு?"

தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய தேர்வு. அத்தனை பேரில் அவள் பயந்தது எனக்கு மட்டும்தான்.

அவளுக்கும் சீட்டு கிடைக்கவில்லை. கேள்விப்பட்டபோது சந்தோஷப்படப் பார்த்தேன், முடியவில்லை. தோற்பதற்காவது அவள் தேர்வு ஹாலுக்குள்ளே போனாளே.