பாவச் சீட்டு

கேம்புக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. லிஸ்ட் டீச்சரின் கையில் பதினோரு பட்டியல்கள் இருந்தன.

சபையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவள். எதைச் செய்வதானாலும் ஒரு தாளில் கோடு போட்டு, எண் போட்டு எழுதிவிட்டுத்தான் மூச்சே விடுவாள். பரலோக வாசலிலும் பேனாவோடு நின்று யார் யார் வந்தாயிற்று என்று டிக் அடிப்பாள் என்று போதகரே மேடையில் கிண்டல் செய்திருக்கிறார். எழுபது பிள்ளைகளை, அதிலும் ஒன்பது வயது வாண்டுகளையும் பதினேழு வயதுத் தடியன்களையும் சேர்த்து, ஐந்து நாள் ஒரு விடுதியில் வைத்து மேய்ப்பதென்றால் சும்மாவா? யாருக்கு எந்த அறை, யாருக்கு எந்த மருந்து, யார் தூக்கத்தில் நடப்பவர், எல்லாம் அவள் பட்டியலில் இருக்கும்.

இந்த வருடம் ஒரு பெயர் மட்டும் சேராமல் இழுத்துக்கொண்டிருந்தது. சபையில் மைக் செட் பார்ப்பதால் மைக் அண்ணன் என்று பெயர் வாங்கியவரின் பெரிய மகள். பதின்மூன்று வயது. அவள் பாட ஆரம்பித்தால் பின்வரிசைப் பையன்கள்கூடக் கிள்ளுவதை நிறுத்துவார்கள். மூன்று ஞாயிறாக டீச்சர் அவளைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"நீ வரலேன்னா பாட்டை யாருடி எடுத்துக் குடுப்பா?"

"வேணாம் டீச்சர்."

"ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குற."

"பாப்பா சின்னப் பொண்ணு டீச்சர்."

பாப்பா அவளுடைய தங்கை. ஆறு வயது. கேம்புக்கு வயது பத்தாது.

அப்பாவோ நேர்மாறு. "நான் அனுப்பறேன் டீச்சர், நீங்க கவலைய விடுங்க. பிள்ளைக்கும் ஒரு மாத்தம் வேணும்ல?" என்று சிரிப்பார். எலக்ட்ரீஷியன். சபையின் ஒலிபெருக்கி, விளக்கு, மின்விசிறி எல்லாம் அவர் கையில்தான். ஒரு காசு வாங்க மாட்டார். மனைவி இறந்து மூன்று வருடமாகியும் இன்னொரு கல்யாணத்தை நினைக்காமல் இரண்டு பெண் பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறார் என்பதால் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. தாய்க்குத் தாய், தகப்பனுக்குத் தகப்பன் என்று பெண்கள் மாய்ந்து மாய்ந்து சொல்வார்கள். போன வருடமும் பெரியவள் வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தாள். டீச்சர்தான் வீட்டுக்கே போய், தரதரவென்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனதில் அவளுக்குப் பெருமை வேறு.

சனிக்கிழமை காலை, சாமான் கணக்கெடுக்க டீச்சர் சபையின் பின்னறையில் கேம்ப் பெட்டியைத் திறந்தாள். விசில்கள், கயிறு, பெயர் அட்டைகள், உடைந்த டார்ச் இரண்டு. அடியில் ஒரு பிஸ்கட் டப்பா.

கேம்பின் கடைசிச் சாயங்காலம் பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் தங்கள் பாவத்தை எழுதி மடித்துத் தருவார்கள். யாரும் படிக்க மாட்டோம் என்று போதகர் வாக்குக் கொடுப்பார். எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிட்டுப் பாட்டுப் பாடுவார்கள். போன வருடம் பார்த்து மழை கொட்டிவிட்டது. விறகு நனைந்து போனது. "நீங்க கொண்டுபோய் எரிச்சிருங்க டீச்சர்" என்று போதகர் டப்பாவை அவளிடம் கொடுத்தார். அத்தனை பட்டியல் போடுகிறவள் அதை மட்டும் எழுதிவைக்க மறந்துவிட்டாள். பதினோரு மாதமாக எழுபது பிள்ளைகளின் பாவம் விசில்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

சரி, இப்போதாவது எரிப்போம் என்று மூடியை நெம்பினாள். ஈரத்தில் ஒரு தாள் விரிந்து மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். மனப்பாட வசனத் தாள்களில் வாரம் தவறாமல் திருத்துகிறவளாயிற்றே. "ழ"வின் வாலை அடுத்த வரிவரை இழுக்கும் ஒரே பிள்ளை. படிக்கக் கூடாது என்று புத்தி சொல்வதற்குள் கண் படித்துவிட்டது.

"பாப்பாவைத் தனியாக விட்டு வந்தது என் பாவம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் நான்தான் நடுவில் போய் நிற்பேன். இந்த ஐந்து நாள் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. இயேசப்பா, வீட்டுக்குப் போகும்வரை பாப்பா அழாமல் இருக்க வேண்டும். அழுதால் அவருக்குப் பிடிக்காது."

போன வருடம் கேம்ப் முடிந்த மறுநாள் பாப்பாவின் கையில் மாவுக்கட்டு இருந்தது. மாடிப்படியில் உருண்டுவிட்டாள் என்றார் மைக் அண்ணன். டீச்சர் பழம் வாங்கிக்கொண்டு போய் ஜெபம் செய்தாள். மாவுக்கட்டின் மேல் கலர் பேனாவால் ஒரு பூ வரைந்து, கர்த்தர் உன்னைக் காக்கிறவர் என்று எழுதினாள். பெரியவள் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. டீச்சருக்குத் தன் கையையே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

டப்பாவை அப்படியே போட்டுவிட்டு, அந்த ஒரு தாளோடு போதகர் வீட்டுக்கு ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை. களைத்த மனிதர். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளின் அம்மாவை அடக்கம் செய்து வைத்தவரும் அவர்தான். தாளை இரண்டு தரம் படித்தார்.

"படிக்க மாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோமே டீச்சர்."

"படிச்சாச்சு ஐயா. இப்ப என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

"தாயில்லாப் பிள்ளைங்க. கண்டிச்சுதானே வளர்க்கணும்? அடிக்கிற கைதான் அணைக்கும்."

"போன வருஷம் அந்தச் சின்னப் பிள்ளையோட கை உடைஞ்சிருக்கு."

அவர் தாளை மடித்தார். "சரி, நான் பேசறேன். சீட்டு என்கிட்டயே இருக்கட்டும். வெளியில மூச்சு விட்டுறாதீங்க, கேம்ப் நேரம்."

டீச்சர் கொடுத்துவிட்டாள். பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியதும் பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது. நாம் எல்லோரும் அப்படித்தான். தோள் மாறினால் போதும், சுமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் போதகர் அவளை ஓரமாக அழைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"நேத்தே பேசிட்டேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டார். ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபிச்சோம்."

"சீட்டைக் காட்டினீங்களா ஐயா?"

"கேட்டார். பெத்த தகப்பன்கிட்ட எப்படி இல்லேங்கறது? படிச்சிட்டு, பழசெல்லாம் ஒழிஞ்சதுன்னு அவரே நெருப்பு வெச்சிட்டார்."

அதற்குள் மைக் அண்ணனே வந்துவிட்டார். கையில் கேம்ப் படிவம், கையெழுத்துப் போட்டது.

"இந்தாங்க டீச்சர், உங்க பாட்டுக்காரிய சேர்த்துக்கோங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணிக்காமலே சொன்னார்: "பிள்ளைங்க எழுதறதெல்லாம் நீங்க படிப்பீங்கன்னு இத்தனை நாளா தெரியாமப் போச்சே."

சொல்லிவிட்டு மைக்கைச் சரிபார்க்கப் போனார்.

ஞாயிறு பள்ளி வகுப்பில் பெரியவள் கடைசி பெஞ்சில் பாப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். டீச்சர் மற்றப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு அருகில் போய் உட்கார்ந்தாள்.

"கையைக் காட்டு."

காட்டவில்லை. டீச்சரே துணியை விலக்கினாள். நான்கு விரல்களும் வீங்கிக் கறுத்திருந்தன.

"எந்தக் கையால எழுதினேன்னு கேட்டாரு" என்றாள் பெரியவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான்டி படிச்சேன். என்னை மன்னிச்சிரு."

"படிக்க மாட்டோம்னு சொன்னீங்க."

டீச்சர் பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். பழக்கம் விடுமா? எழுபதாவது பெயருக்குக் கீழே பெரியவளின் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே, வயது வரம்பும் கிடக்கட்டும், சபைக் குழுவும் கிடக்கட்டும் என்று, பாப்பாவின் பெயரையும் எழுதினாள்.

"பாரு, பாப்பாவும் வர்றா. என் அறையில என் கூடவே படுத்துக்கட்டும். அஞ்சு நாளும் யாரும் அவ மேல கை வைக்க முடியாது."

பெரியவள் அந்த இரண்டு பெயர்களையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆறாவது நாள்?" என்றாள்.

உள்ளே கூடத்தில் மைக் அண்ணன் ஒன், டூ, த்ரீ சொல்லிப் பார்ப்பது கேட்டது. டீச்சரிடம் பதினோரு பட்டியல் இருந்தது. ஒன்றிலும் ஆறாவது நாள் இல்லை. பதினாறு வருடமாகப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று டிக் அடித்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

எழுந்தாள். படம் வரையும் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு அக்காவிடம் ஒப்படைத்தாள். ஒரு கையில் பாப்பாவையும், மறுகையில் பெரியவளின் இடது கையையும் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்தாள். முதல் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. மூன்று தெரு தள்ளிக் காவல் நிலையம்.

நிலையத்தில் ஒரு பெண் காவலர் இருந்தார். பெரியவளின் விரல்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நீ சொல்லும்மா, நான் எழுதிக்கறேன்."

பெரியவள் தாளையே பார்த்தாள். "இதை எங்கப்பா படிப்பாரா?"

பெண் காவலர் டீச்சரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் படிப்பாரு."

அவ்வளவுதான். பெரியவளின் வாய் பூட்டிக்கொண்டது. கொஞ்சிப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார், பாப்பாவிடம் கேட்டார். பாப்பா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஆராதனை முடிய முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

"என் பேரைப் போடுங்க" என்றாள் டீச்சர். "புகார் குடுக்கறது நான். இவ ஒண்ணும் சொல்லல. சீட்டு எங்கிட்டதான் பதினோரு மாசம் இருந்துச்சு. அதுல இருந்தது ஒரு எழுத்து விடாம எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

தன் பெயர் சொன்னாள். பிள்ளைகளின் தகப்பன் பெயர், வேலை, தெரு, வீட்டு எண், எல்லாம் சொன்னாள். காவலர் எழுதினார். எழுதி முடித்து டீச்சர் கையெழுத்துப் போடும்வரை பெரியவள் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டீச்சர், இதைப் படிச்சா அவரு உங்க வீட்டுக்கு வருவாரு."

"வரட்டும்."

"நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

"ஆமா."

பெரியவள் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். மறந்துபோனதை நினைவுபடுத்துவது போல, நிதானமாகச் சொன்னாள்.

"அவரு வந்தா செவுத்துப் பக்கம் நிக்காதீங்க டீச்சர். தலை போய் இடிக்கும்."