பந்தலுக்கு மேலே ஒரு மூட்டு

லியோனின் மகள் நிரோஜினியின் கலியாணப் பந்தலுக்கு வயர் இழுத்தவன் பிரகாஸ். அவனும் தங்கை ஷெரோனும் குருநகரில் சேர்ந்துதான் வயரிங் தொழில் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கிழமை முழுவதும் அவள் கோப்பாயில் ஒரு புதுவீட்டு வேலையில் நின்றுவிட்டாள். இந்தப் பந்தலில் மட்டும் அவள் கை படவில்லை. சேலை கட்டி, விருந்தாளியாகத்தான் வந்திருந்தாள்.

பகல் பதினொன்றரைக்கு மணமக்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து பந்தலுக்குள் நுழைந்தார்கள். பாட்டு உயர்ந்தது. அப்போது மேலே தொங்கிய விளக்குகள் ஒருதரம் மங்கி மீண்டும் எரிந்தன. எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடத்தில் மறுபடியும் மங்கின. ஷெரோன் எழுந்து பின்பக்கம் போனாள்.

பந்தலின் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் பிரகாஸ் நின்றான்.

“அண்ணை, லைற் சிமிட்டுது.”

“லைனிலை கரண்ட் குறைவு. நீ போய் இரு.”

அவள் அவனுடைய பையிலிருந்து மீற்றரை எடுத்தாள். பலகையில் இருநூற்றுப் பதின்மூன்று வோல்ற்று. மீற்றரின் கொடுக்கால் வயரைக் கவ்விப் பார்த்தாள். இருபத்துநாலு அம்பியர். விசிறிகள், பாட்டுப் பெட்டிகள், சாப்பாட்டைச் சூடாக வைக்கும் மூன்று மின்தட்டுகள், எல்லாம் அந்த ஒரு வயரில்தான். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டி லியோனின் வீட்டுக்கு ஓடினாள். வயர் புறப்படும் மெயின் சுவிட்சில் இருநூற்று இருபத்தொன்பது.

லைனில் ஒரு குறையும் இல்லை. பதினாறு வோல்ற்று வழியில் தொலைகிறது.

இருபத்தைந்து மீற்றர் வயர், ஆறு எம்.எம். தடிப்பு. அதில் நாலு வோல்ற்றுப் போகலாம். மிச்சம் பன்னிரண்டு? திரும்பி நடந்தபடியே கணக்குப் போட்டாள். பன்னிரண்டை இருபத்துநாலால் பிரித்தால் அரை ஓம் தடை. நல்ல வயரில் அப்படி ஒரு தடைக்கு இடமே இல்லை. பன்னிரண்டையும் இருபத்துநாலையும் பெருக்கினாள். இருநூற்று எண்பத்தெட்டு வாற்று. அவ்வளவு வலுவும் எங்கேயோ விரலளவு இடத்தில் கிடந்து சூடாகிறது.

“எங்கை வயரை முறுக்கி மூட்டுப் போட்டனீங்கள்?”

“மூட்டு ஒண்டும் இல்லை. ஒரே வயர்.” பிரகாஸ் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் மீற்றரை மீண்டும் பலகையில் வைத்தாள். இருநூற்று ஏழு.

“பாருங்கோ, இன்னும் ஆறு இறங்கிட்டுது. இப்ப மூட்டிலை பதினெட்டு வோல்ற்று. நானூறு வாற்றுக்கு மேலை அண்ணை! சூடாகச் சூடாகத் தடை கூடுது, தடை கூடக் கூட இன்னும் சூடாகுது. எங்கையெண்டு சொல்லுங்கோ.”

பிரகாஸின் கண் மேலே போனது. கூரை முழுவதும் வெள்ளைச் சீலை மடிப்பு மடிப்பாகக் கட்டியிருந்தது.

“வயர் நாலு மீற்றர் காணேல்லை, வேறை துண்டு சேர்த்தனான்,” என்றான் மெல்ல. “கேக் மேசைக்கு நேர் மேலை. சீலைக்குள்ளை.”

அந்த மேசைக்கு முன்னால்தான் நிரோஜினி கையில் கத்தியோடு நின்றாள். சுற்றிலும் பிள்ளைகள்.

“நிப்பாட்டுங்கோ.”

“கேக் வெட்டப் போகினம். ஐஞ்சு நிமிசம் பொறு. லியோன் அங்கிளுக்கு முழு வயரெண்டு சொன்னனான்.”

அவள் சுவிட்சில் கை வைத்தாள். பிரகாஸ் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். அவள் கையை எடுக்கவில்லை. சில விநாடிகள் கழித்து அவன் பிடி தளர்ந்தது. அவள் சுவிட்சைக் கீழே இறக்கினாள்.

பாட்டு பாதியில் அறுந்தது. விசிறிகள் ஓய்ந்தன. லியோன் கதிரைகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடிவந்தார்.

“ஆர் நிப்பாட்டினது?”

“நான்தான் அங்கிள். மேலை வயர் எரியுது. சனத்தை வெளியிலை எடுங்கோ.”

“எங்கை எரியுது? ஒரு புகையும் இல்லை! என்ரை பிள்ளை கேக்கிலை கத்தி வைக்கிற நேரம் பார்த்து... உனக்கென்ன விசரே?” அவர் பிரகாஸின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உன்ரை வேலைதானே?”

அண்ணன் மூட்டே இல்லையென்று சொல்லிவிட்டால் இத்தனை பேருக்கு முன்னால் தன்னை யார் நம்புவார்கள் என்று ஷெரோன் பயந்தாள். பிரகாஸ் ஏணியைத் தூக்கினான்.

“ஓடிப்போய் வீட்டு மெயினையும் நிப்பாட்டு,” என்றான்.

அவள் நிறுத்திவிட்டு வந்தபோது சனம் விலகி நின்றது. பிரகாஸ் ஏணியின் உச்சியில் சீலையைக் கிழித்தான். கருகிய பிளாஸ்ரிக் மணம் கீழே இறங்கியது. மூட்டில் சுற்றியிருந்த ரேப் உருகி வழிந்திருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த சீலையில் உள்ளங்கையளவு ஓட்டை. அதன் விளிம்பில் சிவப்பாகத் தணல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் வெறுங்கையால் அதைப் பொத்தி நசித்தான்.

யாரோ ஒரு பெண் “யேசுவே!” என்றாள்.

பிரகாஸ் இறங்கி வந்தான். “மூட்டு நான் போட்டது, அங்கிள். உங்களுக்குச் சொல்லேல்லை. இவள் நிப்பாட்டாட்டில்...” அவன் மேலே இருந்த ஓட்டையைக் காட்டினான்.

லியோன் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மகளின் தலையில் கிடந்த மெல்லிய முக்காட்டு வலையைப் பார்த்தார். “வா பிள்ளை,” என்றார். “வெளியிலை மரத்துக்குக் கீழை வெட்டுவம்.”

கடற்காற்றில் கேக்கைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே ஷெரோன் சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிப் பழைய வயரைக் கழற்றினாள். கடையிலிருந்து எடுப்பித்த புது வயரை ஒரே நீளமாக இழுத்துக் கட்டினாள். பிரகாஸ் எரிந்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஏணியைப் பிடித்திருந்தான்.

அதன்பிறகு லியோன் அவனோடு கதைக்கவில்லை. பின்னேரம், மணமக்கள் வாகனத்தில் ஏறிய பிறகுதான் அவனிடம் வந்தார். அவனுடைய கையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆசுப்பத்திரிக்குப் போனனியே?” என்று கேட்டார்.