மூன்றுக்கு வாயைக் கோணுவது

அன்று மழை பெய்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இத்தாலியின் அங்கோனா நகரத்து மருத்துவமனையில் கழிந்த நாட்கள் எல்லாமே மழைநாட்களாக எனக்குள் தங்கிவிட்டன. டாக்டர் பெவிலாக்வா சொன்னது மட்டும் மறக்கவில்லை.

பக்கவாதத்தில் பேச்சிழந்த என் தம்பி டுய்லியோவின் மூளையை அவர் திரையில் காட்டினார். நரம்புப் பாதைகள் வண்ண நூல்களாகத் தெரிந்தன. இடப்பக்கம் கிழிந்த மீன்வலை போல ஓர் ஓட்டை.

"பாதையே அறுந்துபோச்சும்மா. பேச்சுப் பயிற்சி குடுத்துப் பிரயோசனமில்ல. முதியோர் இல்லத்துக்கு எழுதிடறேன்."

"அவனப் பாத்துட்டு எழுதுங்க."

"பாத்தேனே."

பார்த்தார்தான். கட்டிலருகே நின்று, வாயைக் கோணச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். டுய்லியோவுக்குப் புரிந்தது. கண் கலங்கியது. உதடு அசையவில்லை.

அந்தப் படம் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் துறைமுகத் தெரு காலையில் மீன் சந்தை, மாலையில் ஜோடிகள் உலாவும் இடம். கற்கள் அதே கற்கள்தான். ஆளில்லாத தெருவைப் படம்பிடித்துக்கொண்டு, இங்கே இனி யாரும் நடக்கமாட்டார்கள் என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? பாலம் இடிந்த வருடம்கூடப் பேருந்து மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் தம்பியின் நண்பன் நெவியோ சீட்டுக்கட்டோடு வந்தான். பிரிஸ்கோலா என்ற சீட்டாட்டத்தில் அவனும் டுய்லியோவும் வாழ்நாள் கூட்டாளிகள். கூட்டாளிக்குச் சீட்டைக் காட்டக்கூடாது. முகத்தால் சைகை செய்யலாம். துருப்பில் ராஜா இருந்தால் கண்ணை மேலே உருட்டுவது, மூன்று இருந்தால் வாயைக் கோணுவது. எதிராளி பார்க்கும்போது செய்பவன் மடையன். டுய்லியோவுக்கு ஒரு கைதான் அசையும் என்பதால், துணி துடைக்கும் பிரஷை மல்லாக்க வைத்து அதன் மயிர்களில் சீட்டுகளைச் செருகினோம். நானும் பக்கத்துக் கட்டில்காரரும் எதிரணி.

"வாய் அடைச்சுப்போச்சாமே. நல்லதுடா. தோத்தா இனிமே என்னைத் திட்டமாட்ட" என்றான் நெவியோ.

நான் சீட்டைப் பார்க்கக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்தேன். டுய்லியோவின் வாய் கோணியிருந்தது.

"மூணு" என்று கத்திவிட்டேன்.

"ஆட்டத்தக் கெடுக்காதக்கா" என்றான் நெவியோ. அவன் கண் நிறைந்திருந்தது.

மறுநாள் டாக்டரைக் கெஞ்சி அழைத்துவந்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து, எதிராளியின் பக்கமாக நின்று, டுய்லியோவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். சீட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. என் தம்பியின் முகம் கல்லாக இருந்தது.

"காட்டுடா" என்றேன். கேட்டால் அவனால் முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க டாக்டர். இல்ல, ஜன்னலப் பாருங்க. எதிராளி பாத்தா அவன் செய்யமாட்டான்" என்றான் நெவியோ.

"பாக்காம எப்படிய்யா பரிசோதிக்கிறது? அப்படியே செஞ்சாலும் அது வெறும் பழக்கம்."

அவர் கதவை நோக்கித் திரும்பினார். அவர் முதுகு தெரிந்த அதே நொடியில் டுய்லியோ நெவியோவைப் பார்த்து வாயைக் கோணினான். நான் கூப்பிட்டேன். அவர் திரும்புவதற்குள் முகம் மறுபடி கல்லாகியிருந்தது.

டுய்லியோ முதியோர் இல்லத்தில் இரண்டு குளிர்காலம் இருந்து இறந்தான். பயிற்சி தர யாரும் வரவில்லை. பெவிலாக்வா நரம்பியல் துறைக்கே தலைவரானார். என் தம்பியின் மூளைப் படம், பெயரில்லாமல், அவர் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நெவியோ வேறு கூட்டாளி தேடிக்கொள்ளவில்லை. நான் அந்தப் பிரஷால் இன்னும் கோட்டுத் துடைக்கிறேன். சீட்டுகள் செருகிய இடத்தில் மயிர்கள் இன்னும் பிரிந்தே நிற்கின்றன.