ஆடிக்குப் போகும் வண்டி

2013-ஆம் வருஷம் ஆடி ஒன்றாம் தேதி காலை ஆறே காலுக்கு, ராசிபுரத்துக்குத் தெற்கே முட்டை வியாபாரம் பார்க்கும் சென்னிமலையின் பிக்கப் வண்டி, ஓட்ட ஆளில்லாமல், குமாரபாளையத்துப் பக்கம் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுப் போனது. அன்றைக்கு முட்டை விலை பத்து காசு ஏறியிருந்தது. வண்டி வாசலில் ரிவர்ஸ் எடுத்து, பால்காரருக்கு வழிவிட்டு, இன்டிகேட்டர் போட்டு ரோட்டில் ஏறியதை ஏழு பேர் பார்த்தார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வேகம் நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஆடிப் பதினெட்டு கழிந்து, பத்தொன்பதாம் தேதி காலையில் தானாகவே திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. கழுவித் துடைத்திருந்தது. பானட்டில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. சீட்டில் ஒரு புடவையும், மஞ்சள் கயிறும், ஒரு போசி நிறையக் கச்சாயப் பலகாரமும் இருந்தன.

அந்த வண்டி சென்னிமலைக்குக் கல்யாணச் சீராக வந்தது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் அவருடைய மாமனார் வீட்டில் நூல் மூட்டை சுமந்தது. 2009-இல் மகள் தனப்பிரியாவைக் கட்டிக்கொடுத்தபோது, மாமனார் அதற்குப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, பீரோவையும் கட்டிலையும் ஏற்றி அனுப்பிவைத்தார். இரண்டு வருஷத்தில் அவர் காலமாகிவிட்டார். பிறகு அந்த வீட்டையும் தறிப்பட்டறையையும் தனப்பிரியாவின் அண்ணன் நவநீதகிருஷ்ணன் பார்த்துக்கொண்டார். தனப்பிரியா ஒவ்வொரு ஆடிக்கும் இந்த வண்டியில்தான் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தாள். 2013-இல் அவள் போகவில்லை. வண்டி போனது.

அவள் போகாததற்குக் காரணம் ஒரு காது. அந்த வருஷம் வைகாசியில் மகள் யுவஸ்ரீக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து வைத்திருந்தார்கள். குழந்தைக்கு ஒரு வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஜோசியர் ஒன்பதரைக்குள் என்று நேரம் குறித்திருந்தார். சீர்த்தட்டுகளோடு வந்துகொண்டிருந்த நவநீதகிருஷ்ணனின் வேன் திருச்செங்கோட்டில் பஞ்சர் ஆகிவிட்டது. ஒன்பது இருபத்தைந்துக்கு சென்னிமலை பொறுமை இழந்து, தன் பெரியப்பா மகனை மணையில் உட்காரச் சொல்லி, குழந்தையை அவன் மடியில் வைத்தார். ஆசாரி வலது காதைக் குத்தி முடிக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நவநீதகிருஷ்ணன் மணையைப் பார்த்தார். தட்டுகளைக் கோயில் படியில் வரிசையாக இறக்கி வைத்தார்.

“இன்னொரு காதையும் அவுரு மடியிலயே வெச்சுக் குத்திக்கங்க மாப்ள. நேரந்தான முக்கியம்” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

“இனி உங்கூட்டு மண்ணுல நாங் கால் வெச்சன்னா எம் பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க” என்று சென்னிமலை கோயிலில் நூற்றைம்பது பேர் முன்னால் சத்தம் போட்டார்.

தனப்பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். இடது காதுக்கான தோட்டை மஞ்சள் டப்பாவில் போட்டு மூடினாள். எங்கள் அண்ணன் மடியில் உட்காராமல் இந்தக் காதை யாரும் தொடக்கூடாது என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லவில்லை. யுவஸ்ரீ ஒரு காதில் தோடும் ஒரு காதில் ஒன்றுமில்லாமலும் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போது வலது பக்கம் தெரிகிற மாதிரி திரும்பி நின்றுகொள்வாள்.

சென்னிமலைக்கு ஆடி பதினெட்டு நாளும் வண்டி வேண்டும். பதினெட்டு நாள் பண்ணையில் முட்டை எடுக்காவிட்டால் பண்ணைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். 2014-இல் ஆடிக்கு முந்தின நாள் அவர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். வண்டி பேட்டரி இல்லாமல் போனது. 2015-இல் நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டு, செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்தினார். ஆறே காலுக்கு வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஏழு மணி வரைக்கும் நிறுத்தவில்லை. தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு பாவாயிதான் முன்னால் வந்தாள்.

“ஏனுங் கொழுந்தனாரே, ஆடிக்குப் பொறந்த ஊட்டுக்குப் போறத இப்படிக் காலக் கழட்டி வெக்கறதா? பாவமுங்க.”

“அது வண்டிங்க்கா.”

“வண்டின்னா? அதுக்கு ஆசையிருக்காதா? மாட்டியுடுங்க, அழுகுதில்ல.”

அவர் மாட்டிவிட்டார். பெண்கள் நட்டு எடுத்துக் கொடுத்தார்கள். வண்டி நாற்பத்தைந்து நிமிஷம் தாமதமாகப் போனது. பதினெட்டு முடிந்து, நாற்பத்தைந்து நிமிஷம் தாமதமாகவே வந்தது.

அதற்குப் பிறகு சென்னிமலை வேறு விதமாக யோசித்தார். வண்டிக்குள் ஏதோ ஒரு பாகத்துக்கு அந்த வழி தெரிந்திருக்கிறது, அதை மட்டும் கழற்றிவிட்டால் மீதி வண்டி வீட்டில் நிற்கும் என்று முடிவு செய்தார். அவர் மெக்கானிக் இல்லை. போனில் வீடியோ பார்த்து, நாமக்கல் பழைய சாமான் கடைகளில் அலைந்து, வீட்டுப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தார். முதலில் ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு பவர் ஸ்டீயரிங் வைத்தார். வழி ஸ்டீயரிங்கில்தான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். வண்டி முன்பை விட லகுவாக வளைந்து போனது. 2017-இல் கியர் பாக்ஸை மாற்றினார். ஐந்தாவது கியர் கிடைத்தும் வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. 2018-இல் மூன்று இரும்புக் குழாயை முக்காலி மாதிரி நட்டு, செயின் பிளாக்கில் கட்டி எஞ்சினைத் தூக்கினார். இறக்கிய எஞ்சின் கொட்டகை மூலையில் கிடந்தது. அந்த வருஷம் புது எஞ்சின் ஆடிக்குப் போயிருந்த பதினெட்டு நாளும், பழைய எஞ்சின் குமாரபாளையம் இருக்கும் மேற்கே பார்த்துத் திரும்பியிருந்தது.

இந்த வேலைகளில் தனப்பிரியா ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தபோது அவருக்கு அவள் உதவி கட்டாயம் தேவைப்பட்டது. புது பிரேக் போட்டால் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

“வந்து கொஞ்சம் மிதி பிரியா.”

“நா மிதிக்கமாட்டனுங்க. அது போறத நிறுத்தறதுக்குத்தான பிரேக்கு? நீங்களே மிதிச்சுக்குங்க.”

அவர் பெடலில் ஒரு செங்கல்லை வைத்து, குச்சியால் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். காற்று முழுக்க வரவில்லை. அன்றிலிருந்து அந்த வண்டியில் பிரேக்கை இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கும்.

அம்மா வீட்டிலும் வேலை நடந்தது. தறி மெஷினை இருபது வருஷமாகப் பிரித்து மாட்டுகிற நவநீதகிருஷ்ணனுக்கு, வாசலில் வந்து நிற்கிற வண்டியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதல் வருஷமே அவர் மனைவி மைதிலி ஆரத்தி எடுத்துத்தான் வண்டியை உள்ளே விட்டாள். வந்ததற்கு வேறென்ன செய்வது. அவர் கிரீஸ் அடித்தார். அடுத்தடுத்த வருஷங்களில் ஃபேன் பெல்ட்டை மாற்றினார், உடைந்திருந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றை மாற்றினார். வண்டி வந்ததும் சென்னிமலை அவற்றையெல்லாம் கழற்றிவிட்டுத் தன் காசில் வேறு வாங்கிப் போட்டார். 2019-இல் ரேடியேட்டர் மேல் ஒரு மாஸ்க்கிங் டேப் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால், ‘வாட்டர் பம்ப் ஒழுகுது’ என்று எழுதியிருந்தது. சென்னிமலை அதைக் கிழித்துப் போட்டார். ஒரு வாரம் கழித்து வாட்டர் பம்பை மாற்றினார். அடுத்த ஆடிக்கு அவரும் ஒரு டேப் ஒட்டி அனுப்பினார். ‘பார்த்தாச்சு’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குப் பதில் மூன்று டேப் வந்தது. கிளச் பிளேட் மட்ட ரகம். டைனமோ பெல்ட் இறுக்கம். யுவஸ்ரீ எத்தனாவது படிக்குது. சென்னிமலை முதல் இரண்டையும் சரி செய்தார். மூன்றாவதற்குப் பதில் எழுதவில்லை. அதைக் கிழிக்கவும் இல்லை. சன் வைசருக்குப் பின்னால் ஒட்டி வைத்தார்.

வழியில் யாரும் வண்டியைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை திருச்செங்கோட்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தார். எஃப்.சி. இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. லைசென்ஸ் கேட்க ஆளில்லை. போகலாம் என்று கை காட்டினார்.

2023-க்குள் கேபின், பின்பாடி, அச்சு, லைட், வயரிங், சீட் எல்லாமே மாறிவிட்டன. கடைசியாக மிச்சமிருந்த சேஸையும் முறையாக அனுமதி வாங்கி மாற்றி, ஆர்.சி. புத்தகத்தில் புது நம்பர் ஏற்றினார். மாமனார் மாலை போட்டு அனுப்பிய வண்டியில் ஒரு போல்ட்கூட பாக்கி இல்லை. எல்லாம் கொட்டகையில் குவிந்து கிடந்தது. ஆடி ஒன்று, காலை ஆறே கால். வண்டி ரிவர்ஸ் கேமராவில் பார்த்துக்கொண்டே வாசலில் இருந்து பின்னால் வந்து, ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

பத்து வருஷமாக ஆடிக்கு ஆடி பொறுத்துப் போன பண்ணைக்காரர் அந்த வருஷம் பேசிப் பார்த்தார். “சென்னிமல, அடுத்த ஆடிக்கும் வண்டி இல்லீன்னா நா வேற ஆளு வெச்சுக்கறன், கோவிச்சுக்காத” என்றார். வீட்டில் யுவஸ்ரீக்குப் பதினொன்று முடிந்திருந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் பெரியவளாகிவிடுவாள், அன்றைக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று தனப்பிரியா யாரிடமும் கேட்கவில்லை. சோறு போடும்போது கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

சத்தம் வருகிற வண்டியைக் கொட்டகையில் நிறுத்திப் பார்த்தால் தெரியாது, ஏறி உட்கார்ந்து போனால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இது எல்லா மெக்கானிக்கும் சொல்வது. ஆகவே 2024 ஆடி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு சென்னிமலை, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதன் முனையை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது திட்டம். எந்தப் பாகம் கிளம்புகிறதோ அதைக் கையோடு பிடித்துவிடலாம். ஆறு பத்துக்கு தனப்பிரியா தலைக்குப் பூ வைத்து, ஒரு பையோடு வந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள். பின்னாலேயே யுவஸ்ரீ.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“வண்டி எங்க போவுதோ அங்க போறமுங்க. நகுந்து உக்காருங்க.”

“நா அங்க எறங்கமாட்டன், பாத்துக்க.”

“உங்கள ஆரு எறங்கச் சொன்னா?”

வண்டி கிளம்பியது. அவர் கால்கள் பெடலுக்கு மேலே சும்மா தொங்கின. ஸ்க்ரூ டிரைவரில் எஞ்சின் சத்தம் எஞ்சின் சத்தமாகவே கேட்டது. திருச்செங்கோட்டில் வண்டியை நிறுத்தின போலீஸ்காரர், இந்தத் தடவை டிரைவர் சீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்து, சீட் பெல்ட் போடாததற்கு அபராதம் போட்டார்.

குமாரபாளையத்துக்கு இந்தப் பக்கம், தறிப்பட்டறை வாசலில் வண்டி போய் நின்றதும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தனப்பிரியாவும் யுவஸ்ரீயும் இறங்கி உள்ளே போனார்கள். உள்ளே ஒரு அழுகைச் சத்தமும், அதற்கு மேல் மைதிலி அதட்டுகிற சத்தமும் கேட்டன. சென்னிமலை இறங்கவில்லை. நூற்றைம்பது பேர் முன்னால் சொன்ன சொல் அது. சாவியைத் திருப்பிப் பார்த்தார், வண்டிக்கு ஊருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. மத்தியானம் மைதிலி ஜன்னல் வழியாக, ஆடி ஒன்றுக்குச் சுட்ட தேங்காயும் சோறும் கொடுத்தாள். அவர் பின்பாடியில் ஏறிக் குளித்தார், அங்கேயே பாய் விரித்துப் படுத்தார். மற்ற தேவைகளுக்கு வண்டியே காலையிலும் மாலையிலும் அவரை ஆற்றோரம் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. தறிக்காரர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவரிடம் பேப்பர் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.

நான்காம் நாள் காலையில் நவநீதகிருஷ்ணன் ஒரு சாக்கையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வந்து, வண்டியில் இருந்தவரைப் பார்க்காமல், முன் சக்கரத்தின் கீழே படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அடியில் இருந்து குரல் வந்தது. பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

“மிதிங்க.”

சென்னிமலை யோசித்துவிட்டு மிதித்தார்.

“புடிங்க. புடிச்சுட்டே இருங்க… உடுங்க. மறுக்கா மிதிங்க. ஆருங்க இந்த பிரேக்கு வெச்சது?”

“நாந்தானுங்க.”

“காத்தே எடுக்கலீங்களே. எத்தன வருசமா இப்படியே ஓட்டறீங்க? எம் புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டி.”

“ஒண்டியாளுங்க. செங்கல்ல வெச்சு எடுத்தன்.”

“செங்கல்லு!” அடியில் இருந்தவர் சிரித்த மாதிரி இருந்தது. “மிதிங்க… புடிங்க. பாருங்க எவ்ளோ காத்து வருதுன்னு. உடுங்க. இந்தப் பக்கம் முடிஞ்சுதுங்க. ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு உட்டா வண்டி இழுத்துட்டுப் போயிரும். அந்தப் பக்கமும் எடுக்கோணும்.”

நவநீதகிருஷ்ணன் சாக்கை இழுத்துக்கொண்டு இடது பக்கச் சக்கரத்துக்குப் போனார். சென்னிமலை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். எதிரே தறிப்பட்டறைச் சுவர்தான் இருந்தது.

“மச்சான்.”

“சொல்லுங்க.”

“புள்ளைக்கும் ஒரு பக்கம் பாக்கி இருக்குதுங்க.”

ஸ்பேனர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அது மறுபடி எடுக்கப்படுகிற சத்தமும் கேட்டது.

“அன்னைக்கு ஒரு அஞ்சு நிமிசம் நாம் பொறுத்திருக்கோணும்” என்றார் சென்னிமலை.

“மிதிங்க மாப்ள” என்றார் நவநீதகிருஷ்ணன். “புடிங்க… உடுங்க. பதினெட்டன்னிக்கு ஆசாரிய வரச் சொல்றன்.”

ஆடிப் பதினெட்டு அன்று காது குத்து வண்டிக்குள்ளேயே நடந்தது. அப்பா இல்லாமல் நடத்தக்கூடாது, அப்பாவோ இறங்கமாட்டார். ஆகவே தாய்மாமன் வண்டியில் ஏறினார். நவநீதகிருஷ்ணன் புது வேட்டி கட்டி டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வயது யுவஸ்ரீ அவர் மடியில் உட்கார்ந்து, காலைக் கியர் ராடுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டாள். ஆசாரி ஜன்னல் வழியாகக் கையை விட்டார். தனப்பிரியா மஞ்சள் டப்பாவைத் திறந்து நின்றாள். அது குழந்தைத் தோடு, சின்னது. இருந்தாலும் அதைத்தான் போட வேண்டும் என்றாள்.

“மாமா, கால் மரத்துப் போச்சுங்களா?”

“இல்ல சாமி. உக்காரு.”

“நா முப்பத்தெட்டு கிலோங்க.”

“பதினோரு வருசத்து பாக்கிக் கனம், இருக்கட்டும். அசையாத.”

குத்தின நேரத்தில் வண்டி தானாக ஒரு தடவை ஹாரன் அடித்தது. பத்தொன்பதாம் தேதி மூன்று பேரும் ஊர் திரும்பினார்கள். பிரேக் ஒரே மிதியில் பிடித்தது. பண்ணைக்காரர் சொன்ன மாதிரியே ஆடி மாசத்துக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார். ஆவணியில் இருந்து சென்னிமலைக்கே கொடுத்தார். இப்போதும் அந்த ஏற்பாடுதான்.

போன வருஷம் ஆடி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே சென்னிமலை குளித்து, டிரைவர் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறே காலுக்கு வண்டி கிளம்பியது. தறிப்பட்டறை கேட்டுக்குள் நுழைந்தபோது வாசல் வேறு மாதிரி இருந்தது. கேட்டில் இருந்து வீட்டுப் படி வரைக்கும் ஒரு பிடி மண் வெளியே தெரியாமல் சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். நவநீதகிருஷ்ணன் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

“இனி எங்கூட்டுல மண்ணு கெடையாதுங்க மாப்ள. எறங்குங்க.”

சென்னிமலை தளத்தை ஒரு தடவை காலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். கலவை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொன்னார். வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பதினாறடி மட்டும் தளம் போடாமல் மண்ணாகவே விட்டிருந்தார்கள். வண்டி தானாகப் போய் அங்கே நின்றுகொண்டது.