பலவேசம் தேர்ந்தெடுத்த வாள்

என் சிநேகிதன் பலவேசத்துக்கு வாள் வாங்கப் போய் நான் பட்ட அசிங்கத்தை விருதுநகரில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தார்கள். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிவதால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசக் கூடாது. எனக்குக் கோபம் வரும்.

என் பேர் உபைதுல்லா. மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். பலவேசம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆமத்தூரில் வீடு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. போர்மேன் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்ததும் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி, பிளேடு, கொண்டை ஊசி, சேலையில் குத்திய ஊக்கு, எல்லாவற்றையும் பிடுங்கி டப்பாவில் போட வேண்டும். இரும்பும் இரும்பும் உரசி ஒரு பொறி விழுந்தால் வெடிமருந்து அறையில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால் அங்கே சுத்தியல்கூட மரம் அல்லது பித்தளைதான். சந்தேகம் வந்தால் வைத்துப் பார்க்க, சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பான். ஒட்டினால் வெளியே, ஒட்டாவிட்டால் உள்ளே. இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் அவன் பிழைப்பு. வேலைக்கு வரும் பெண்கள் அவனுக்கு ஊக்கு பலவேசம் என்று பேர் வைத்திருந்தார்கள். அவன் போர்மேன் ஆனதிலிருந்து அந்த யூனிட்டில் ஒரு விபத்து கிடையாது. அதற்காக அவனுக்கு யாரும் மாலை போட்டதும் கிடையாது.

இந்த ஆளுக்குத்தான் வாள் ஆசை வந்தது. அவர்கள் கம்பெனி தரைச்சக்கரப் பெட்டியில் ஒரு படம் உண்டு. வெள்ளைக்கார நாட்டு ராஜா காலத்துச் சிப்பாய்கள் இரண்டு பேர், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இரும்பை மாட்டிக்கொண்டு, ஆள் உயர வாளால் மோதிக்கொள்கிறார்கள். சிவகாசியில் எந்த பிரஸ்காரன் எங்கிருந்து சுட்ட படமோ. அந்தப் பெட்டியை ஒரு நாள் என் கடைக்குக் கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தான்.

“உபைது, எனக்கு இந்த மாதிரி ஒரு வாளு வேணும்லே.”

“ஊரெல்லாம் அருவாளாக் கெடக்கு. உனக்கு வெள்ளக்காரன் வாளு கேக்குதோ?”

“அருவா எடுத்தா கேசு. வாளு எடுத்தா ராசா.”

“எந்த நாட்டப் பிடிக்கப் போற?”

“பொறி பறக்க விடணும்லே” என்றான்.

தீபாவளிக்கு வெடித்தால் பறக்காத பொறியா என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

“அது மருந்து. நான் சொல்லுதது இரும்பு. என் பொளப்பு பூரா பொறி விழுந்துறாம பாக்கதுதான். ஆரு மடியில என்ன இருக்குன்னு பாத்துப் பாத்தே வயசு போயிட்டு. கனவுலயும் ஊக்குதான் வருது. ஒரே ஒரு தடவ, ஒரு பொட்டு மருந்து இல்லாத எடத்துல, நானே என் கையால இரும்ப இரும்போட மோதணும். பொறி பறக்கத பயப்படாம நின்னு கண்ணால பாக்கணும். அம்புட்டுத்தான்.”

கேலி செய்ய வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். இந்த மனுஷன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாயிடம் நான்தான் போய்ப் பேசினேன். அவள் நான் பயந்த அளவுக்கு ஆடவில்லை. “வாங்கண்ணே, சாப்பிட்டீகளா” என்று உட்காரவைத்து முழுவதையும் கேட்டுவிட்டு, “அவுக ஒரு பீடி குடிக்க மாட்டாக, ஒரு சீட்டாட மாட்டாக. வாளுதான கேக்காக, வாங்கிக்கிடட்டும். அஞ்சாயிரத்துக்கு மேல ஒரு ரூவா போச்சுன்னா அந்த வாளாலயே உங்க ரெண்டு பேரையும் வெட்டுவேன்” என்றாள். பட்ஜெட் இப்படித்தான் பாஸானது.

அது இரண்டாயிரத்து ஏழு. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில், டெல்லி அப்பளக் கடைக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில் டேராடூன்காரன் ஒருவன் வாள் கடை போட்டிருக்கிறான் என்று சேதி வந்தது. எல்லாம் பழைய காலத்து வாள்களைப் பார்த்துச் செய்த நகல், கூர் போடாதது. சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். மேஜைமேல் ஐந்து வாள்கள் கிடந்தன. பலவேசம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கிட்டே போனான். மருந்து அறைக்குள் நுழையும் பழக்கம்.

“நீ பாய்தான, ஹிந்தி பேசு” என்று என் விலாவில் இடித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து தலைமுறையாக விருதுநகரில் வத்தல் விற்கிற குடும்பம். எனக்குத் தெரிந்த ஹிந்தி மிர்ச்சி, கித்னா, நஹி, இந்த மூன்றுதான். அதில் மிர்ச்சி இங்கே உதவாது. நல்ல வேளையாக அந்த டேராடூன்காரன் ஊர் ஊராகப் பொருட்காட்சி போட்டுக் கொஞ்சம் தமிழ் கற்று வைத்திருந்தான்.

முதல் வாளுக்குப் பிடியில் சிங்க முகம், தங்கக் கலர். தூக்கி ஆட்டினால் கத்தி ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாக ஆடியது. இரண்டாவது குட்டை. மூன்றாவது வளைந்திருந்தது, அது வேண்டுமானால் நம் ஊர் அரிவாளே தேவலை. நான்காவதுதான் வாள். இரண்டு கையாலும் பிடிக்கிற நீளம், பிடியில் தோல் சுற்றியிருந்தது. கத்தியின் இரும்பு பிடிக்குள்ளே கடைசி வரை ஓடி அந்தப் பக்கக் குமிழில் முடிகிறது, எவ்வளவு ஓங்கினாலும் கழன்று விழாது என்று காட்டினான். கையில் எடுத்தேன். கனம் முழுவதும் பிடிக்குப் பக்கத்தில் நின்றது. வத்தல் மூட்டை தூக்குகிற எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. விலை எட்டாயிரம் என்றான். ஐந்தாவதும் அதே நீளம்தான், பாதரசம் பூசின மாதிரி பளபளவென்று மின்னியது. அது நாலாயிரத்து ஐந்நூறு.

எங்கள் வத்தல் பேட்டையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வோம். நான் தோள் துண்டை அவன் கைமேல் போட்டு விரலைப் பிடித்ததும் அவன் துள்ளி விலகினான். என்ன நினைத்தானோ, பாவி. அவனுக்கு வழக்கத்தைப் புரியவைத்து, விரல் விரலாக மடக்கி, எட்டாயிரம் சொன்ன நான்காவது வாளை ஐயாயிரத்துக்குக் கொண்டுவருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஜெயித்த மப்பில் திரும்பினால், பலவேசம் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு வாளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு வாள்களை ஓரமாகத் தள்ளியிருந்தான், நான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி முடித்ததையும் சேர்த்து. ஐந்தாவதைக் கையில் ஏந்தி நின்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“நாலும் கழிவு. இதுதான் பாஸு.”

“நல்லாப் பாத்தியாலே?”

“நான் பாக்காத இரும்பா?”

நான் வத்தல் பார்க்கிறவன். இரும்பு பார்க்கிறவன் அவன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

“சார், அது ஷோ பீஸ். சுவத்துல மாட்றது” என்றான் டேராடூன்காரன். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. பேட்டையில் ஒருவன் தன் சரக்கைத் தானே மட்டம் தட்டினால், அதை வேறு யாருக்கோ ஒளித்து வைக்கிறான் என்று அர்த்தம். எங்கள் காதில் பூச்சுற்றப் பார்க்கிறாயா என்று, துண்டைப் போட்டு இன்னும் ஐந்நூறு குறைத்து அந்தப் பளபளா வாளையே வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆமத்தூரில் அவன் வீட்டுப் புறவாசலில் ஏற்பாடு. வாளை மோதப் பக்கத்து வீட்டில் அரிவாள் இரவல் வாங்கினோம். இரும்புக்குப் பயந்து அவன் வீட்டில் அரிவாளே வைத்ததில்லை. பலவேசம் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தான். இரண்டு வாளியில் மணல் கொண்டுவந்து வைத்தான். பக்கத்து வீட்டு வைக்கோலைத் தள்ளிப் போடச் சொல்லி அவர்களிடம் சண்டை பிடித்தான். கோழிகளை விரட்டினான். கடைசியில் என்னிடம் அரிவாளைக் கொடுத்து, அசையாமல் பிடி என்று சொல்லிவிட்டு, கையை என் லுங்கியில் துடைத்துக்கொண்டான். கண்ணை இமைக்கவில்லை. ஓங்கி அடித்தான்.

டொக்.

மறுபடியும் அடித்தான். மறுபடியும் டொக். மூன்றாவது அடியில் வாளின் ஓரம் கொய்யாப்பழத்தைக் கடித்த மாதிரி உள்ளே போய்விட்டது. பொறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

“இந்தச் சத்தம் என் அலுமினியச் சட்டியிலயே வருமேண்ணே” என்றாள் ஆவுடைத்தாய்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஏலே, நேத்து நீ காந்தம் ஒட்டாததையா எடுத்த?”

“ஆமா. ஒட்டினா உள்ள விட முடியாதுல்லா.”

“எங்கனலே உள்ள?”

அவன் கையிலிருந்த வாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் இருபது வருஷத்துக் கெட்ட வார்த்தைகளையும் மொத்தமாக இறக்கினேன். “காந்தம் ஒட்டலன்னதும் என்னால அதுக்குமேல யோசிக்க முடியலலே. கை தன்னால போயிட்டு” என்று மட்டும் சொன்னான். எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. அதை மறைக்க இன்னும் நாலு திட்டு திட்டினேன்.

அன்றைக்குத்தான் பொருட்காட்சிக்குக் கடைசி நாள். டி.வி.எஸ். வண்டியில் அவனைப் பின்னால் ஏற்றி, வாளைச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, விருதுநகருக்கு விட்டேன். போய்ச் சேர்ந்தபோது டியூப் லைட்டுகள் போட்டுவிட்டார்கள். நல்ல கூட்டம். டேராடூன்காரன் பள்ளம் விழுந்த வாளைப் பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்ல சார்” என்றான். சொன்னான்தான். அதற்காக விட முடியுமா? நீ இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். கடைசியில் மேற்கொண்டு ஆயிரம் வாங்கிக்கொண்டு அந்த நான்காவது வாளை மாற்றித் தர ஒப்புக்கொண்டான். அப்படிப் பார்த்தாலும் ஐயாயிரம்தான், இரண்டு பேர் தலையும் தப்பித்தது. பலவேசம் அந்த வாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுவாவது இரும்பா, இல்ல இதுவும் சட்டிதானா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வியாபாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. “பாருங்க சார்” என்று அந்த வாளை ஒரு கையிலும் சிங்க முக வாளை இன்னொரு கையிலும் எடுத்து, இரண்டையும் ஓங்கி மோதினான். கணீர் என்று பொருட்காட்சி முழுவதும் கேட்டது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த நொடி என் கழுத்தைப் பிடித்து யாரோ தரையில் சாய்த்தார்கள். மூக்கு மண்ணில் தேய்ந்தது. என் முதுகுமேல் ஒரு முழு ஆள் படுத்து, இரண்டு கையாலும் என் தலையைப் பொத்திக்கொண்டு, “வெளிய ஓடுங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க, திரும்பிப் பாக்காம ஓடுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினான். அந்தக் குரலில் பலவேசத்தை நான் கேட்டதே இல்லை. ஜனங்கள் நிஜமாகவே ஓடினார்கள். அப்பளக் கடை அண்டா கவிழ்ந்தது. டேராடூன்காரன் வாளைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தான்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓடினவர்கள் திரும்பி வந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். என் கடைக்கு வத்தல் கொண்டுவருகிற நாகையா முன்வரிசையில் நின்று சிரித்தார். என் சட்டை கிழிந்திருந்தது, வாயெல்லாம் மண். எழுந்ததும் பலவேசத்தை அறைய வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவன் என் தலையையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எங்கனயும் காந்துதாலே? தீ படலயில்ல?”

என்னால் அறைய முடியவில்லை.

டேராடூன்காரன் மேஜைக்கு அடியிலிருந்து வந்து, பணமே வேண்டாம், வாளை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கும்பிட்டான். நான் வாளை எடுத்துப் பலவேசத்திடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேணாம்லே. இது வீட்ல இருந்தா நான் தூங்க மாட்டேன்.”

சாக்கில் சுற்றிய அலுமினிய வாளையே தோளில் சாய்த்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான். திரும்பும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். ஓசியில் வந்த வாளை விட்டுவிட்டு வந்த மடையன் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான் என்றேன். ஊர் எல்லையில் திட்டுவதற்கு வேறொன்றும் மிஞ்சாமல் சும்மா ஓட்டினேன்.

“உபைது” என்றான் பின்னாலிருந்து.

“என்னலே?”

“நான் கண்ண மூடிட்டேன். பொறி வந்துச்சா?”

நான் எங்கே பார்த்தேன்? அவன் நெஞ்சு என் தலைமேல் இருந்தது, என் கண்ணில் மண் இருந்தது.

“வந்துச்சு” என்றேன்.

“பெருசாவா?”

“பெருசுதாம்லே. அம்புட்டு அழகா இருந்துச்சு.”

பின்னால் அவன் சாக்கு வாளைத் தோள் மாற்றிச் சாய்த்துக்கொள்வது தெரிந்தது. அப்புறம், “அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றான்.