ஈர இருக்கையும் இரண்டு பவுண் மோதிரமும்

பிரதீஸ், சோதிலிங்கம் அண்ணைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது இருநூற்று அறுபத்தைந்து யூரோ. தங்கச்சி நிலக்ஷியின் கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டவென்று வாங்கிய காசு. அதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு இருந்த ஒரே வழி, லண்டனுக்குப் போய் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது.

பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று, மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிவர வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். நிலக்ஷியின் மாப்பிள்ளை இரண்டு பவுண் தங்கத்தில் செய்வித்து வைத்திருப்பதாகப் போனில் செய்தி வந்திருந்தது. அந்த மோதிரத்தை அப்படியே கொண்டுவந்து சோதிலிங்கம் அண்ணையின் கையில் வைப்பதாகப் பேச்சு. நிலக்ஷிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். இவன் போய்ச் சேராவிட்டால், கனடாவிலிருந்து வந்து நிற்கும் பெரியம்மாவின் மகன் காலைக் கழுவிவிட்டு மோதிரத்தோடு விமானம் ஏறிவிடுவான். அவன் முழுக்காசு கொடுத்து ரிக்கற் எடுத்தவன். அவனுக்கு இருக்கை நிச்சயம்.

பிரதீஸுக்கு நிச்சயமில்லை. 2007 ஆவணியில் அவன் பலெர்மோ விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தான். விமானம் இறங்கி ஆட்கள் போனதும் ஏறி, அடுத்த ஆட்கள் வருமுன் குப்பை அள்ளி, இருக்கைப் பட்டிகளைக் குறுக்காக மடித்துவிட்டு இறங்க வேண்டும். ஆயிரம் விமானம் ஏறியிருப்பான். ஒன்றுகூட அவனோடு பறந்ததில்லை. கம்பனி ஆட்களுக்குப் பத்திலொரு பங்கு விலையில் ரிக்கற் உண்டு. ஆனால் அது ஸ்ராண்ட்பை. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறியபின் ஓர் இருக்கை மிஞ்சினால் ஏறலாம், மிஞ்சாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இன்னொரு சட்டமும் இருந்தது. கம்பனி ரிக்கற்றில் போகிறவன் கோட்டு சூட்டோடு வர வேண்டும். ஜீன்ஸ் கூடாது.

கோட்டு சூட்டும் சோதிலிங்கம் அண்ணையுடையது. அவர் தன் கலியாணப் பதிவு எழுத்துக்குத் தைத்த சாம்பல் நிறச் சூட்டு. பிரதீஸுக்கு இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். அவருடைய மனைவி இந்திராதேவி அக்கா கலியாண வீட்டுக்கென்று பயத்தம் உருண்டையும் முறுக்கும் ஒரு பெட்டி நிறையச் செய்து கொடுத்தார். ஆக, கடன் கொடுத்தவரின் காசு, உடுப்பு, பலகாரம் எல்லாவற்றோடும் கடன்காரன் புறப்பட்டான். கடன் கொடுத்தவரும் கூடவே பஸ் ஏறினார்.

கலியாணம் ஞாயிறு காலை. விமானம் நாளுக்கு ஒன்று, பின்னேரம். வியாழக்கிழமையே போய் நின்றார்கள். சோதிலிங்கம் அண்ணை மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வில் வந்து, வரிசையில் நின்றவர்களைக் கோப்பை எண்ணுவது போல எண்ணினார். யாராவது போனில் கத்தினால், "உந்தாள் இண்டைக்குப் போகமாட்டுது பார்" என்று சந்தோஷப்பட்டார். எல்லாரும் போனார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை. இருவரும் வீட்டுக்கு வந்து, பழுதாகப் போகிறதே என்று பயத்தம் உருண்டையில் பாதியைத் தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை பெயர் கூப்பிட்டார்கள். பிரதீஸ் கழன்று விழப் பார்த்த காற்சட்டையை ஒரு கையில் பிடித்தபடி ஓடினான். ஜன்னலோர இருக்கை. எத்தனையோ தரம் தானே மடித்துவிட்ட பட்டியைத் தானே எடுத்து இடுப்பில் பூட்டினான். அந்த 'கிளிக்' சத்தம் அவனுக்கு நாதஸ்வரம் போலக் கேட்டது. பணிப்பெண் சிரித்தாள், அவனும் சிரித்தான். வெளியே அவனோடு வேலை செய்யும் அகஸ்ரின் நின்று கைகாட்டினான். மலையையும் கடலையும் அவன் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் மூச்சிரைக்க நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வந்து நின்றது. ரிக்கற்றும் கையுமாக. தகப்பன் பணிப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான், தாய் மாதாவுக்கு நன்றி சொன்னாள், பிரதீஸ் பட்டியைக் கழற்றினான். குறுக்காக மடித்தும் விட்டான், பழக்கம்.

இதற்குள் வெளியே சோதிலிங்கம் அண்ணை பொடியன் பறந்துவிட்டான் என்று இந்திராதேவி அக்காவுக்கும், லண்டனுக்கு நிலக்ஷிக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். கோப்பிக் கடையில் நின்ற முன்பின் தெரியாத மூன்று பேருக்குக் கோப்பியும் வாங்கிக் கொடுத்திருந்தார். நாலாவது கோப்பிக்குக் காசை எடுத்தபோது பிரதீஸ் முன்னால் வந்து நின்றான்.

"பறந்திட்டாய் எண்டெல்லோ சொன்னனான்" என்றார் அவர், அவன் ஏதோ தவறு செய்துவிட்டது போல.

அன்றிரவு முறுக்கு முடிந்தது. நிலக்ஷி போனில் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணா, நாளைக்கும் வராட்டி, கனடா அண்ணாவைக் கழுவச் சொல்லட்டோ எண்டு மாமி கேக்கிறா" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்லு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மோதிரத்தை அவன் அப்போது நினைக்கவே இல்லை. மோதிரத்தை நினைப்பதற்குச் சோதிலிங்கம் அண்ணை இருந்தார்.

சனிக்கிழமை காலை சோதிலிங்கம் அண்ணை மலையில் ஏறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். ஓர் ஆளுக்கு மட்டும் பஸ் பிந்தினால் போதும், காயம் கீயம் ஒன்றும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாராம்.

அன்று விமானம் நிரம்பி வழிந்தது. இருவரும் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வரிசை கரைந்தது. கடைசியில் ஒரே ஒருவர் வரவில்லை. சோதிலிங்கம் அண்ணை நெஞ்சில் கைவைத்தார். ரிக்கற் பார்க்கும் சின்யோரா ஜூசி அவர்களை நோக்கி வந்தாள். அவள் முகம் சரியில்லை. இருக்கை இருக்கிறதுதான், ஆனால் விமானம் இங்கே வரும் வழியில் ஒரு குழந்தை தோடம்பழச் சாற்றை முழுதாக ஓர் இருக்கையில் கொட்டிவிட்டதாம். அதில் இருக்க வேண்டியவரை, வராத ஆளின் இருக்கைக்கு மாற்றிவிட்டார்களாம். மிஞ்சியது அந்த ஈர இருக்கை. காசு கொடுத்தவருக்கு அதைக் கொடுக்க முடியாது.

"நான் முழுக்காசு குடுக்காத ஆள்தானே, சின்யோரா" என்று இத்தாலியனில் சொன்னான் பிரதீஸ். "ஆணி அடிச்சிருந்தாலும் இருப்பன்."

வழியில் அகஸ்ரின் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை அவன் கையில் திணித்தான். அந்த இருக்கையைத் துடைக்க நேரம் போதாமல் விட்டவனே அவன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. பிரதீஸ் பையை விரித்து அதன்மேல் இருந்தான். அசைந்தபோதெல்லாம் பை சரசரத்தது. பக்கத்தில் இருந்த ஆங்கிலேயக் கிழவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு கதை கேட்டுவிட்டு, தன் பங்குக்குப் பத்திரிகையையும் கொடுத்தார். பையில் ஓட்டை இருந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு மேலே போகும்போது சாறு காற்சட்டை வழியாக ஊறிவிட்டது. பிரதீஸ் சன்னல் வழியே பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். நனைந்தால் என்ன, இனி யாரும் இறக்க முடியாது.

ஞாயிறு காலை வேட்டி சால்வையோடு மண்டப வாசலில் குந்தி, செம்பில் தண்ணீர் வார்த்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். நிலக்ஷி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டார். அது வளையல் போலச் சுழன்றது. யாரோ நூல் சுற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது லண்டனில் இரண்டு நாள் இருக்கை கிடைக்கவில்லை. சோதிலிங்கம் அண்ணை மணிக்கொருதரம் போன் எடுத்தார். சாப்பிட்டாயோ, படுத்தாயோ என்று கேட்டுவிட்டு, கடைசியில், "அது சுகமா இருக்குதோ" என்று கேட்பார்.

பலெர்மோவில், ஒரேத்தோ தெருவிலிருந்த அவர் வீட்டு மேசையில் மோதிரத்தை வைத்தபோது பிரதீஸ் சூட்டைப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தான். இந்திராதேவி அக்கா அதை வாங்கி விரித்துப் பார்த்தார். காற்சட்டையின் பின்புறத்தில் சிசிலி வரைபடம் போல ஒரு மஞ்சள் கறை. அவர் சிரிக்கத் தொடங்கி, கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

சோதிலிங்கம் அண்ணை கறையைப் பார்க்கவில்லை. நூலை அவிழ்த்து, மோதிரத்தைத் தன் விரலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுத்துச் செய்தது போல ஏறியது. பொலிதேயாமாச் சதுக்கத்து நகைக்கடையில் விலை கேட்டு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கழற்றப் பார்த்தார். வரவில்லை. இருபது வருடம் சுடுதண்ணீரில் ஊறிய விரல். சவர்க்காரம் போட்டார்கள், ஒலிவ் எண்ணெய் விட்டார்கள், அக்கா ஒரு பக்கமும் பிரதீஸ் ஒரு பக்கமும் நின்று இழுத்தார்கள். மோதிரம் மூட்டைத் தாண்டவில்லை.

"இனி வெட்டித்தான் எடுக்க வேணும்" என்றார் அக்கா.

"மோதிரத்தையோ விரலையோ?" என்றான் பிரதீஸ்.

சோதிலிங்கம் அண்ணை கையைத் தூரத்தில் நீட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். எண்ணெயில் அது இன்னும் மினுங்கியது.

"தோழன் மோதிரமெல்லோ. நான் ஆரின்ரை காலைக் கழுவினனான்?"

"மூண்டு நாள் வந்து என்னோடை நிண்டனீங்கள் அண்ணை. தங்கச்சியும் உங்களைத்தான் முதல் விசாரிச்சவள்."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, கிடக்கட்டும். இருநூற்று அறுபத்தைஞ்சுக்கு மேலை பெறும் இது. மிச்சம் அந்தச் சூட்டுக்கு. கணக்குச் சரி தம்பி, நீ எனக்கு ஒண்டும் தரத் தேவையில்லை."