குதிரை மிதித்த சரிவு

நவம்பரில் மழை பெய்தால் யாரைப் போய்த் திட்டுவது? அன்ஃபீசா வானத்தைத் திட்டினாள். ரேடியோவில் வானிலை வாசித்தவனைத் திட்டினாள். அதுவும் போதாமல், பக்கத்தில் நின்ற பாவத்துக்குத் தன் கணவன் தேரேந்தியையும் திட்டித் தீர்த்தாள். பனி விழ வேண்டிய மாதத்தில் பகல் முழுக்க மழை கொட்டிவிட்டு, மறுநாளே பழைய குளிர் திரும்பிவிட்டது. பனியில் ஊறிய தண்ணீர் அப்படியே இறுகி, தூந்திராப் பனிவெளி முழுவதையும் கண்ணாடி போட்டு மூடியது போல ஆக்கிவிட்டது.

கண்ணாடிக்கு அடியில்தான் பாசி இருந்தது. முன்னங்காலால் பனியைத் தோண்டிப் பாசி தின்றுதான் பனிமான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். இப்போது தோண்டித் தோண்டிக் குளம்போரம் ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். மந்தையில் பாதிக்கு மேல் சினை. இப்படியே போனால் முதலில் வயிற்றுக் கன்றுகள் போகும், பிறகு தாய்களும் போகும். கீழ்ப் பள்ளத்தாக்கில் அவளுடைய பெரியப்பா மகன் மந்தைக்கு இப்படித்தான் நடந்தது. அவன் இன்று நகரத்தில் ஏதோ கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

மோட்டார் பனிவண்டியை ஐஸ் மேல் ஏற்றிப் பார்த்தார்கள். அது உடைக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. கடப்பாரையால் இருவரும் விடிந்ததிலிருந்து குத்தினார்கள். தோள் கழன்றுபோகிற அளவு குத்தியும், நாலைந்து மான்கள் வாய் வைக்கத்தான் இடம் கிடைத்தது.

"ஒண்ணு சொல்றேன். கடப்பாரையைக் கீழ வச்சிட்டுக் கேளு," என்றான் தேரேந்தி.

"சொல்லித் தொலைங்க."

"ஸ்பிரிதோனோட குதிரைங்க ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது. குதிரை மிதிச்சா ஐஸ் உடைஞ்சிரும்."

அன்ஃபீசாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஸ்பிரிதோன் அவளுடைய தங்கை உல்யானாவின் கணவன். அன்ஃபீசாவின் எவென் இனத்தார் மான்காரர்கள், ஸ்பிரிதோனின் சகா இனத்தார் குதிரைக்காரர்கள். தங்கை போயும் போயும் ஒரு குதிரைக்காரனைக் கட்டிக்கொண்டாள். போன இலையுதிர் காலத்தில் அவனுடைய குதிரைகள் ஆற்றைத் தாண்டி அன்ஃபீசாவின் சரிவில் ஏறியபோது, இவள் வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டினாள். இன்னொரு குளம்பு பட்டால் குதிரையைச் சூப் வைத்துக் குடித்துவிடுவேன் என்று, ஆற்றோரக் கூடாரங்கள் எல்லாம் பேசிக்கொள்ளும் ரேடியோவில் ஊரறியக் கத்தவும் செய்தாள். அன்றிலிருந்து தங்கை பேசுவதில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மிதிபட்டுப் பெயர்ந்த பாசி மறுபடி வளர ஒரு மனிதனின் பாதி ஆயுள் ஆகும். மந்தை தன் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சரிவில் சொந்த மான்களைக்கூட அவள் விட்டதில்லை. கெட்ட வருஷம் வந்தால் ஆகும் என்று கட்டிக் காத்த இடம் அது. இப்போது கெட்ட வருஷம் வந்தேவிட்டது, சரிவும் பனிக்கட்டிக்கு அடியில் பூட்டிக் கிடந்தது.

"மிதிச்சா பாசி போயிரும்," என்றாள்.

"மிதிக்கலேன்னா மான் போயிரும்," என்றான் அவன்.

அன்ஃபீசா கூடாரத்துக்குள் போய் ரேடியோவை எடுத்தாள். இவள் பேசுவதை ஆற்றோரம் முழுவதும் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஸ்பிரிதோன், அன்ஃபீசா பேசுறேன்."

"யாரு, துப்பாக்கி மதினியா? என் குதிரைங்க எல்லாம் இங்கதான் இருக்கு மதினி. இப்பதான் எண்ணினேன்."

"ஓட்டிட்டு வாங்க மாப்ளே. சரிவுக்கு."

யாரோ இருமுவது கேட்டது. பிறகு ஸ்பிரிதோன், "எந்தச் சரிவுக்கு?" என்றான்.

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. என் சரிவுக்குத்தான். மானுக்குத் தீனி இல்ல. ஐஸை உடைச்சுக் குடுங்க."

எவென்களிடையே வேட்டையில் கிடைத்ததை அடுத்த வீட்டுக்குத் தானாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வாய் திறந்து கேட்கிற வழக்கம் கிடையாது. அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"என் பெட்டைங்களும் சினைதான் மதினி. இந்தப் பாசி குதிரைக்கு ஆகாது. வெறும் வயித்தோட எவ்வளவு நேரம் மிதிக்கும்?"

"எங்க ஏரிக்கரையில பனிக்கு அடியில இன்னும் பச்சைப் புல்லு கிடக்கு. மேல ஐஸ் இருந்தா உங்க குதிரைக்கு என்ன? உங்க குதிரை வராம நான் நட்ட வேலிக் கம்பை நானே பிடுங்கிர்றேன். மேயட்டும்."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் குதிரைகள் வந்தன. குட்டையான, சடைமுடி தொங்கும் குதிரைகள். பின்னால் ஸ்பிரிதோனும் உல்யானாவும் ஆளுக்கொரு குதிரை மேல் வந்தார்கள். உல்யானா அக்காவைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரைகள் ஓங்கி மிதிக்க மிதிக்க, பனிக்கட்டி படார் படாரென்று பாளம் பாளமாக உடைந்தது. வெளிறிய பாசி எட்டிப் பார்த்தது. சில இடங்களில் அது அடியோடு கிழிந்து கறுப்பு மண்ணும் தெரிந்தது. ஒவ்வொரு மிதியும் அன்ஃபீசாவின் நெஞ்சில் விழுந்தது.

ஆனால் மான்கள் வரவில்லை. குதிரை வாடை பட்டதும் மிரண்டு ஓடி, மேட்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. உப்புப் போட்டுக் கூப்பிடலாம் என்றால் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. வண்டி இழுத்துப் பழகிய கிழட்டு மானைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தான் தேரேந்தி. அது பின்னால் இழுத்த இழுப்பில் மனிதன் குப்புற விழுந்தான்.

"உங்க மானுங்களுக்கும் உங்களை மாதிரியே ரோஷம் மதினி," என்றான் ஸ்பிரிதோன்.

இத்தனை வருஷம் காத்த பாசியை மிதிக்கக் கொடுத்தாயிற்று, மானும் பட்டினி நிற்கிறது. இரண்டும் போயிற்று என்று அன்ஃபீசாவுக்குத் தோன்றியது. பனிக்கட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

அந்த நேரத்தில் ஒரு பெட்டைக் குதிரை நின்று, பின்னங்கால்களை அகட்டி, ஆற அமர மூத்திரம் பெய்தது. ஆவி எழும்பி மேட்டுப் பக்கம் போனது. மந்தையில் ஒரு கிழட்டுப் பெண்மான் தலையைத் தூக்கியது. குளிர்காலத்தில் பனிமானுக்கு உப்பு என்றால் உயிர், மூத்திரத்தில் இருக்கும் உப்பானாலும் சரி. கூடாரத்தை விட்டு ஒதுங்கப் போகிறவன் மான்களிடம் தப்பி வருவதே பெரும்பாடு. கிழட்டு மான் இரண்டு அடி வைத்தது, நின்றது, பிறகு விறுவிறுவென்று இறங்கி வந்து மஞ்சள் பனியை நக்கியது. நக்கிய மூக்கு பாசியைத் தொட்டது. காலால் ஒரு தட்டு தட்டித் தின்ன ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது, அப்புறம் மந்தையே வந்தது.

உல்யானா குதிரை மேலிருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, உன் மானுங்க எங்க குதிரை மூத்திரத்துக்கு ஓடி வருது பாரு!"

"வரட்டும்டி," என்று அன்ஃபீசா மூக்கை உறிஞ்சினாள். "நீ மட்டும் என்ன, குதிரைக்காரன் பின்னாடி ஓடினவதானே?"

ஸ்பிரிதோன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அக்காவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெளிச்சம் மங்கும்போது சரிவின் கீழ்ப்பகுதி உழுத நிலம் போலக் கிடந்தது. மான்கள் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன. குதிரைகளை ஏரிக்கரைக்குத் திருப்பிய ஸ்பிரிதோன் தயங்கி நின்றான்.

"நாளைக்கு ஓரமாவே ஓட்டுறேன் மதினி. நடுவுல அந்தப் பாறைகிட்டத் தொட வேண்டாம்."

பாறையோரப் பாசி கணுக்கால் உயரம் இருந்தது. அன்ஃபீசா அதில் பூட்ஸ் வைத்துக்கூட நடந்ததில்லை. அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"நடுவுலயே ஓட்டுங்க. அங்கதான் அடர்த்தி. சினை மானுங்க திங்கட்டும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். காலம் மாறிப்போச்சு. அடுத்த வருஷமும் இந்த மழை வரும், அதுக்கு அடுத்த வருஷமும் வரும். அதனால முதல் பனிக்கே ஆத்தைத் தாண்டி வந்துருங்க மாப்ளே. நான் கூப்பிடட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க."